தோல் அக்காவுக்கு ஒரு செய்தி

அக்கா,

இன்று காலை டத்தோ கிராமாட் பாசாருக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். உங்கள் பழச்சாற்றுக் கடை இருந்த இடத்தில் இப்போது இந்தோனேசியாவிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி கடை போட்டிருக்கிறார்கள். கணவர் ஆரஞ்சுப் பழங்களை இரண்டாக வெட்டிக் கொடுக்க, மனைவி பிழிந்து, தோலைப் பின்னால் இருந்த நீலப் பீப்பாயில் எறிந்துகொண்டிருந்தாள். வெயில் நேராக அந்தப் பீப்பாயின் மேல் விழுந்தது. முதலில் மூக்கைக் குத்துகிற வாசனை, அடுத்து தொண்டைக்குள் இறங்குகிற கசப்பு. உங்களுக்கு அது தெரியும். என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டிச் செருப்பு நனைந்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது.

நிற்கிறேனே என்று ஒரு கிளாஸ் சாறு வாங்கிக் குடித்தேன். "இந்தத் தோலையெல்லாம் என்ன செய்வீங்க?" என்று மலாயில் கேட்டேன். அவள் என்னைச் சற்று விநோதமாகப் பார்த்தாள். "தூக்கிப் போடுறதுதான் அக்கா, வேற என்ன?" என்றாள்.

வீட்டுக்கு வந்து மீனைக் கழுவி வைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதை முதலிலேயே சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. நடந்ததையெல்லாம் ஒரு முறை உங்களோடு சேர்ந்து நினைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நாம் ஒரே பிளாட் கட்டடத்தில் பல வருஷம் இருந்தும், லிஃப்டில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. நீங்கள் எனக்கு மூன்று மாடி மேலே. உங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். கனத்த உடம்பு, கனத்த குரல். அந்த மழைக்காலத்தில் அவருக்கு டெங்கி வந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, போய்விட்டார். தேவாலயத்தில் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே நீங்கள் கடையைத் திறந்துவிட்டதாகக் கீழ் வீட்டில் பேசிக்கொண்டார்கள். சிலர் அதைக் குறையாகவும் சொன்னார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல்தான் திறந்தீர்கள் என்பதை நீங்களே பின்னால் ஒரு நாள் சொன்னீர்கள்.

அந்த மாதத்தில்தான் லிஃப்டில் என்னிடம் முதல் முறையாகப் பேசினீர்கள்.

"நூரு, நீ பல்கலைக்கழகத்துல கொசு வளக்கறியாமே?"

"ஆமாக்கா."

"எதுக்கு?"

"எந்த மருந்துக்குச் சாகுது, எதுக்குச் சாக மாட்டேங்குதுன்னு பாக்க."

"என் வீட்டுக்காரர கொன்னத நீ சோறு போட்டு வளக்கறே" என்றீர்கள். குரலில் கோபமில்லை. அந்த எண்ணத்தை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தது போல இருந்தது. என் மாடி வந்து கதவு திறந்தபோது, "ஒரு நாளைக்கு எனக்குக் காட்டு" என்றீர்கள்.

பேராசிரியரிடம் அனுமதி வாங்கி ஒரு சனிக்கிழமை உங்களைக் கூட்டிப் போனேன். வரிசையாக அடுக்கிய வெள்ளைத் தட்டுகளில் புழுக்கள் நெளிவதையும், வலைக் கூண்டுகளில் வளர்ந்த கொசுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தீர்கள். பூசைக்குப் போவது போல நல்ல சேலை கட்டி வந்திருந்தீர்கள். ஒரு கூண்டின் அருகே முகத்தைக் கொண்டுபோய் அசையாமல் நின்றீர்கள்.

"இவ்ளோதானா? இத்துனூண்டு. கால்ல பாரு, வெள்ளிக் கொலுசு போட்ட மாதிரி."

பிறகு உங்கள் வீட்டுக்காரரின் கடைசி நாட்களைச் சொன்னீர்கள். மூன்று நாள் நெருப்பாய்க் கொதித்த காய்ச்சல், நான்காம் நாள் காலையில் சட்டென்று விட்டிருக்கிறது. "காய்ச்சல் விட்டுடுச்சுன்னு எவ்ளோ சந்தோஷப்பட்டோம் தெரியுமா? எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சாரு. நான் கடைக்குக் கெளம்பிட்டேன் நூரு." டெங்கியில் காய்ச்சல் விடுகிற அந்த நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதை மருத்துவர் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொண்டீர்கள். அதற்குள் அவருக்கு வயிற்றுவலி வந்து, கை கால் சில்லிட்டு, எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் என்ன செய்கிறோம் என்று கேட்டீர்கள். வருஷக் கணக்காகப் புகை அடித்த மருந்துகளுக்குக் கொசு பழகிப்போய்விட்டது, அதனால் செடி, இலை, பழம் இவற்றின் சாரத்தில் ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறோம் என்றேன். உங்கள் முகம் மாறியது.

"என் கடையில நாளு தவறாம ஆரஞ்சுத் தோல் மூட்டை மூட்டையா விழுது லா. ஆரஞ்சு உரிச்ச கையில கொசு உக்காராது, தெரியுமா?"

உட்காராமல் இருப்பது வேறு, சாவது வேறு என்று நான் சொன்னதை நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு தண்ணீர் போத்தல் நிறைய, தோலை வேகவைத்து வடிகட்டிய பழுப்பு நிறக் கஷாயத்தோடு என் வீட்டு வாசலில் நின்றீர்கள். அதை ஆய்வகத்துக்கு எடுத்துப் போய்ப் புழு விட்ட கோப்பைகளில் ஊற்றினேன். மறுநாள் ஒன்றுகூடச் சாகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வெறும் தண்ணீரில் இருந்த புழுக்களைவிட உங்கள் கஷாயத்தில் இருந்தவை கொழுகொழுவென்று வளர்ந்தன. எப்படிச் சொல்வதென்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். நீங்கள் ஒரு கணம் விழித்தீர்கள். பிறகு கடையின் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "என் கஷாயத்துல புழு புஷ்டியா வளந்துச்சா! ஆண்டவரே, கொசுவுக்குச் சத்து மருந்து காய்ச்சியிருக்கேன்!" பக்கத்துக் கோழிக்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் போன பிறகு நீங்கள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

தோலில் இருக்கிற எண்ணெய்தான் கொல்லும், வேகவைத்தால் அது ஆவியோடு போய்விடும், மிஞ்சுவது புழுவுக்குச் சாப்பாடு. ஆகவே அந்த ஆவியைப் பிடிக்க வேண்டும் என்று விளக்கினேன். அப்படித்தான் நம் சனிக்கிழமைகள் தொடங்கின. நீங்கள் வெள்ளிக்கிழமைத் தோலைக் கழுவி, பொடியாக நறுக்கி, டப்பாக்களில் அடைத்துக் கொண்டுவருவீர்கள். கண்ணாடிக் குடுவையில் அது கொதிக்கும். ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, தண்ணீரின் மேல் மெல்லிய மஞ்சள் எண்ணெயாக நிற்கும். "இவ்ளோ தோலுக்கு இவ்ளூண்டு எண்ணெயா?" என்று ஒவ்வொரு வாரமும் அலுத்துக்கொள்வீர்கள். அலுத்துக்கொண்டே அடுத்த குடுவைக்குத் தோலை எடுத்துப் போடுவீர்கள்.

எண்ணெய் தண்ணீரில் கலக்க வேண்டுமே என்று கொஞ்சம் சவுக்காரத்தைச் சேர்த்துக் கோப்பைகளில் விட்டோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடித்து நேராக ஆய்வகத்துக்கு வந்தீர்கள். புழுக்கள் எல்லாம் அடியில் கிடந்தன. குச்சியால் தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. நீங்கள் கத்துவீர்கள், கைதட்டுவீர்கள் என்று நினைத்தேன். சிலுவை போட்டுக்கொண்டு கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"போன மழைக்கு முன்னாடியே இது இருந்திருக்கக் கூடாதா?"

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பேராசிரியர் முறைப்படி அனுமதி எடுத்தார். சுகாதார இலாகாவிடம் சொல்லி, நம் பிளாட்டிலேயே கீழ் மாடிகளில் மட்டும் சோதனை செய்வதென்று முடிவானது. குடிக்காத, குளிக்காத தண்ணீரில் மட்டும் ஊற்ற வேண்டும். பூந்தொட்டித் தட்டு, குளிர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு, கழிவறை வாளி. வாரத்துக்கு ஒரு முறை. இலாகா கொடுக்கிற மருந்தையும் நிறுத்தக் கூடாது. நம் எண்ணெய்க்கு ஒரு பெரிய குறை இருந்தது. நாலைந்து நாளில் காற்றோடு போய்விடும். பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது. அதனால் தேய்த்துக் கழுவுவதை விடவே கூடாது. நான் இதைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தேன், யாரும் படிக்கவில்லை. நீங்கள் வாசல் வாசலாக நின்று சொன்னீர்கள். "ஊத்தினா மட்டும் போதாது லா, தேச்சுக் கழுவணும். தோல் அக்கா சொன்னேன்னு நெனச்சுக்க." பிளாட் முழுக்க உங்களுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சீன ஆன்டிகள்கூட 'தோல் அக்கா' என்று தமிழிலேயே கூப்பிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த வருஷம் சீனப் புத்தாண்டுப் பெருநாளின் கடைசி நாள் மாலை, நாம் இருவரும் எஸ்பிளனேட் கடற்கரைக்குப் போனது நினைவிருக்கிறதா? கல்யாணமாகாத பெண்கள் நல்ல கணவன் வேண்டி ஆரஞ்சுப் பழங்களைக் கடலில் எறிந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருந்தது. கீழே படகில் பையன்கள் வலை வைத்து அள்ளினார்கள். கூட்டம் கூச்சலிட்டது. நீங்கள் மட்டும் என் காதருகே, "இத்தனையும் கடலுக்கா நூரு? தோலையாவது உரிச்சுக் குடுத்துட்டுப் போடக் கூடாதா?" என்றீர்கள். எனக்கு முப்பத்தைந்து தாண்டியும் கல்யாணமாகாததை ஊரே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று மட்டும் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து என் கையில் வைத்தீர்கள். "எறியறியா, தின்னுறியா?" என்றீர்கள். நான் உரித்துத் தின்றேன். தோலை நீங்கள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

அந்த நாட்களைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன், அக்கா. அங்கேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உங்கள் மாடி சோதனையில் இல்லை. ஆனால் உங்கள் வரிசைக் கடைசி வீட்டு மாலா, "எங்களுக்குக் கெடையாதாக்கா?" என்று கேட்டபோது, உங்களிடம் இருந்த ஒரு போத்தலைக் கொடுத்தீர்கள். மாலா அப்போது இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். வீட்டு வாசலில் நிறையப் பூந்தொட்டி வைத்திருந்தாள். மூத்தவள் ஆரம்பப் பள்ளியில் படித்தாள். நீங்கள் தினமும் மாலையில் மீந்த தர்பூசணித் துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பீர்களே, அந்தப் பிள்ளைதான்.

அந்தப் பிள்ளைக்குத்தான் டெங்கி வந்தது.

கிளினிக்கில் மருந்து வாங்கி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் மாலை நீங்கள் எட்டிப் பார்த்தபோது மாலா சிரித்துக்கொண்டே, "காய்ச்சல் விட்டுடுச்சுக்கா, மைலோ கேட்டு வாங்கிக் குடிச்சா" என்றிருக்கிறாள். அதன் பிறகு நீங்கள் செய்ததைத்தான் மாடி முழுக்கப் பேசினார்கள். பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்தீர்கள். வயிற்றைத் தொட்டபோது அது சுருண்டதைப் பார்த்தீர்கள். மாலாவின் கணவர் வேலையிலிருந்து வரட்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, "இப்பவே கெளம்பு. காய்ச்சல் விட்டாத்தான் பயப்படணும். நான் ஒரு தடவை ஏமாந்துட்டேன், நீ ஏமாறாதே" என்று கத்தி, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தீர்கள். எனக்கு போன் செய்து காரை எடுக்கச் சொன்னீர்கள். பெரிய மருத்துவமனைக்கு நான்தான் ஓட்டினேன். பின்னால் மாலா அழுதுகொண்டே வந்தாள். நீங்கள் பிள்ளையின் காதில் மெல்ல மெல்ல ஏதோ செபம் சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

பார்த்த உடனேயே உள்ளே தூக்கிப் போனார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன. வெளியே நீள நாற்காலியில் நாம் மூவரும் உட்கார்ந்திருந்தபோது மாலாவின் கணவர் வந்தார். பயத்தில் அவர் முகம் முகமாக இல்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்த மனிதனுக்கு எதிரில் நீங்கள் இருந்தீர்கள்.

"உங்க தோல் எண்ணெய்ய நம்பித்தானே இவ சும்மா இருந்தா? கவர்மெண்டு மருந்து இருக்கும்போது உங்கள யாரு குடுக்கச் சொன்னது? உங்க புருஷன் செத்ததுக்கு எங்க வீட்டுலதான் பரிசோதனை பண்ணணுமா?"

மாலா, "ஏங்க, விடுங்க" என்றாள். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டாள். நீங்கள் எழுந்து நின்றீர்கள். நான் உங்களைக் காரில் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

பிள்ளை பிழைத்தது. பத்து நாளைக்குள் வீட்டுக்கு வந்து, பழையபடி நடைவழியில் ஓடத் தொடங்கிவிட்டது. எதிரே கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் தேங்கிய தண்ணீரில் இலாகா ஆட்கள் புழுக்களைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சொல்லத்தான் உங்களிடம் ஓடி வந்தேன்.

"அந்தக் கொசு எங்கிருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா. பள்ளிக்கூடத்துல கடிச்சிருக்கலாம். அந்தக் கட்டடத்துலேருந்து வந்திருக்கலாம்."

"மாலா வீட்டுத் தொட்டியிலேருந்தும் வந்திருக்கலாம்ல?"

"தெரியாதுக்கா."

"அந்தத் தெரியாதுங்கறதத்தான் என்னால தாங்க முடியல நூரு. என்னாலன்னு தெரிஞ்சா கால்ல விழுந்துடுவேன். என்னால இல்லேன்னு தெரிஞ்சா தூங்குவேன்."

அதன் பிறகு நீங்கள் ஆய்வகப் பக்கம் வரவில்லை. தோலைப் பழையபடி குப்பையில் போட்டீர்கள். 'தோல் அக்கா' என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் நடந்தீர்கள். லிஃப்டுக்குப் போக மாலா வீட்டைத் தாண்ட வேண்டுமே என்று நடைவழியின் மறுகோடிப் படியில் இறங்க ஆரம்பித்தீர்கள். முட்டிவலியோடு அத்தனை படி. நான் எத்தனையோ முறை பேசிப் பார்த்தேன். தேநீர் போட்டுக் கொடுப்பீர்கள், என் அம்மாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள், எண்ணெய்ப் பேச்சு வந்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவீர்கள்.

எண்ணெய் சீக்கிரம் போய்விடுகிறது என்ற குறையை விடாமல் நான் நோண்டிக்கொண்டிருந்தேன். பாலிக் புலாவில் டுரியான் பழப் பருவம் வந்தால் சாலையோரம் மலையாகத் தோல் குவியுமே, அதன் உட்புறத்து வெள்ளைச் சதையைக் காயவைத்துப் பொடியாக்கி, அழுத்தி வில்லையாக்கி, அதில் ஆரஞ்சு எண்ணெயை ஊறவிட்டோம். தண்ணீரில் மிதந்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை விட்டது அது. பல தடவை உடைந்தது, பல தடவை அடியில் மூழ்கியது. ஒரு வழியாகச் சரிவந்தபோது முதல் வில்லையை எடுத்துக்கொண்டு உங்களிடம்தான் வந்தேன். நாட்கணக்கில் நிற்கிறது, வாரக்கணக்கில் நிற்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நீங்கள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தீர்கள். மோந்து பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் ஒரு நொடி அந்தப் பழைய சனிக்கிழமை வந்துபோனதை நான் பார்த்தேன்.

"நல்லா இருக்கு நூரு. நல்லதாச் செய்ங்க. என்னை மட்டும் இதுல சேக்காதே" என்று திருப்பி என் கையில் வைத்துவிட்டீர்கள்.

அதற்கு மறு வருஷம், கடையில் பழம் வெட்டிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தீர்கள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மருத்துவமனைக்கு நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தேவாலயத்தில் கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் முன்னால் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். கோழிக்கடைக்காரர் வந்திருந்தார். சீன ஆன்டிகள் வந்திருந்தார்கள். மாலாவும் வந்திருந்தாள். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் தூணோரம் நின்று, உள்ளே வராமலே போய்விட்டாள். இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இனிச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

போன மாதம் டுரியான் தோல் வில்லைகளை நம் பிளாட்டில் எல்லா மாடிகளுக்கும் கொடுக்க அனுமதி கிடைத்தது. தருவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, முன்பு எண்ணெய் வாங்கியிருந்தால் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். மாலாவின் வீட்டுக் கதவைத் தட்ட எனக்கே தயக்கமாக இருந்தது. அவளே திறந்தாள். அவள் கணவர் வேலைக்குப் போயிருந்தார். மூத்தவள் இடைநிலைப் பள்ளிச் சீருடையில், என்னைவிட உயரமாக, ஒரு சலாம் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

எல்லா வீட்டிலும் கேட்ட கேள்வியைத்தான் மாலாவிடமும் கேட்டேன். சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நூரக்கா, அந்த எண்ணெய்ய நான் தொட்டியில ஊத்தவே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"வாசனை ரொம்ப நல்லா இருந்துச்சு. வயித்துல புள்ள இருந்ததால எனக்கு எத மோந்தாலும் கொமட்டும், அது மட்டும்தான் புடிச்சுது. தரை தொடைக்கற தண்ணியில ஊத்திட்டேன். கொஞ்சம் கொஞ்சமா அப்படியே தீந்துடுச்சு. அக்கா கேக்கறப்பல்லாம் ஊத்தறேன், தேச்சுக் கழுவறேன்னு பொய் சொன்னேன். ஆஸ்பத்திரியில இவரு கத்தினப்ப உண்மையச் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த நேரத்துல சொல்லியிருந்தா என்னைத்தான் கொன்னிருப்பாரு."

"அப்புறமாச் சொல்லியிருக்கலாமே மாலா?"

"எத்தனை நாளு அவங்க வாசல் வரைக்கும் போனேன் தெரியுமா? அவங்க என் வீட்டைத் தாண்டக்கூடப் புடிக்காம அந்தப் பக்கப் படியில எறங்கினாங்க. எம்மேல அவ்ளோ கோபம்னு நெனச்சேன். அவங்க இல்லேன்னா எம் புள்ளை இன்னைக்கு இல்ல. இவரும் புள்ள வீட்டுக்கு வந்த மறுநாளே சொல்லிட்டாரு, அந்தக்காகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு. இன்னைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு…"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தேவாலயத் தூணோரம் நின்றவளை நான் என்ன நினைத்தேன் என்பதை எண்ணிப் பார்த்தேன். ஒரே நடைவழியில், அந்தக் கோடியில் அவர்களும் இந்தக் கோடியில் நீங்களும், அவரவர் கதவுக்குள் ஒருவர் மற்றவரின் கோபத்துக்குப் பயந்துகொண்டு இத்தனை காலம் இருந்திருக்கிறீர்கள். நடுவில் இருந்தது ஆறேழு வீடுதான்.

வெளியே வந்தேன் அக்கா. என் கால்கள் நேராக உங்கள் வீட்டை நோக்கித்தான் நடந்தன. நீங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் இப்படியொரு செய்தி கிடைத்தால் உடனே உங்களிடம் ஓடித்தானே எனக்குப் பழக்கம். வாசலில் வேறு யாருடையவோ செருப்புகள் இருந்தன. சின்னப் பிள்ளையின் சைக்கிள் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே டிவி ஓடியது. மணியை அழுத்தப் போன விரலை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

வில்லைகள் இப்போது நம் பிளாட்டில் தொட்டித் தட்டுகளில் மிதக்கின்றன. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். போன வாரம் ஒருவர் அதைக் காரில் வாசனைக்குத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு சீன ஆன்டி எறும்புக்கு நல்ல மருந்து என்று மூலைக்கு மூலை வைத்திருந்தார். முன்பானால் எரிச்சல் வந்திருக்கும். இப்போது பொறுமையாக உட்கார்ந்து, தொட்டித் தட்டை எடுத்துவரச் சொல்லி, தேய்த்துக் கழுவிக் காட்டி, நானே மிதக்கவிட்டு வருகிறேன். 'ஊற்றினீர்களா' என்று கேட்டு, 'ஆமாம்' என்ற பதிலோடு நான் இப்போது எந்த வாசலிலிருந்தும் திரும்புவதில்லை. மாலா சில நாள் என்னோடு வீடு வீடாக வருகிறாள். உங்கள் மறைவு தெரியாத சீன ஆன்டி ஒருவர், "தோல் அக்கா எங்கே, ரொம்ப நாளாகக் காணோமே" என்று கேட்டபோது அவள்தான் பதில் சொன்னாள். உங்களைப் பற்றி அவள் என்னென்ன சொன்னாள் என்பதை நீங்கள் நின்று கேட்டிருக்க வேண்டும்.

இனி எதை எழுதினாலும் அது உங்களை எட்டாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவையாவது உங்களைப் பார்த்துச் சொல்வது போலச் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் இதைச் சுமந்துகொண்டிருக்க என்னால் முடியவில்லை. உங்களால் இல்லை அக்கா. அந்தப் பிள்ளையின் காய்ச்சல் உங்களால் வந்ததில்லை. அது பிழைத்ததுதான் உங்களால்.

இனித் தூங்குங்கள்.

நூர்